அடியில் ஒரு தழும்பு: பழைய கேம்ப் ஓவனை அடையாளம் காண்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நகரத்தை விட்டு உள்ளே போனால், பண்ணை வீடுகளில் அவ்வப்போது சாமான் ஏலம் நடக்கும். கிளியரிங் சேல் என்பார்கள். பண்ணையை விற்றுவிட்டுப் போகிறவர், தம் ஆயுளில் சேர்ந்த பொருள்களையெல்லாம் புல்வெளியில் வரிசையாகப் பரப்பி வைத்திருப்பார். வண்டிச் சக்கரம், பால் கேன், முள்கம்பிச் சுருள், நடுவே மூன்று குட்டைக் கால்களில் நிற்கும் கறுத்த இரும்புப் பானை ஒன்று. அதைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன கனம் பாருங்கள், தங்கம் தேடிய காலத்துச் சாமான்" என்பார். இன்னொருவர் துருவைத் தடவிப் பார்த்து, "நூறு வருஷத்துக்குக் குறையாது" என்பார்.

கனமும் துருவும் ஒரு பானையின் வயதைச் சொல்லாது. இந்த இரண்டையும் நம்பி நல்ல விலை கொடுத்து, இருபது வருஷம்கூட ஆகாத பானையை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் நிறையப் பேர். இங்கே குடியேறிய நம் நண்பர்கள் பலரும் இப்போது முகாம் சமையலில் இறங்கியிருக்கிறார்கள். "இது எந்தக் காலத்துப் பானை?" என்று படம் அனுப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பானையை எப்படி வார்த்தார்கள் என்று தெரிந்தால், அதன் வயதை அதன் உடம்பிலேயே படிக்கலாம்.

கேம்ப் ஓவன் என்றால் என்ன?

தம் பிரியாணி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கடைசிக் கட்டத்தில் மூடியை மாவால் ஒட்டி, அடியில் தணலைக் குறைத்து, மூடிமேலும் நெருப்புக் கங்குகளைப் பரப்புவார்கள். கீழிருந்தும் மேலிருந்தும் சூடு வருவதால் உள்ளே எல்லாம் ஒன்றுபோல வேகும். கேம்ப் ஓவன் இந்த வேலைக்காகவே வடிவமைத்த பாத்திரம்.

தட்டையான அடி, அடியில் மூன்று சிறிய கால்கள், தூக்க வளைந்த கம்பிக் கைப்பிடி, கங்குகள் சரிந்து விழாதபடி விளிம்பு உயர்த்திய மூடி. கால்கள் இருப்பதால் பானைக்கும் தணலுக்கும் நடுவே காற்றுக்கு இடம் கிடைக்கிறது. அடி நேராகத் தீயில் உட்காராது, பிடிக்காது. ரொட்டி சுட வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு கங்கு மேலே, ஒரு பங்கு கீழே. 12 அங்குல விட்டமுள்ள பானைக்கு ஏறத்தாழ 24 கரிக்கட்டிகள்: 16 மேலே, 8 கீழே. உள்ளே சுமார் 175 டிகிரி செல்சியஸ் வரும். ஆட்டு மந்தையோடும் மாட்டு மந்தையோடும் மாதக்கணக்கில் நடந்தவர்கள் டாம்பர் என்ற புளிக்காத ரொட்டியை இதில்தான் சுட்டார்கள்.

பெயர்களில் குழப்பம் அதிகம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கேம்ப் ஓவன் என்பதை அமெரிக்காவில் டச்சு ஓவன் என்கிறார்கள். ஆனால் அங்கே கால் இல்லாத, அடுப்பில் வைக்கும் கனத்த பானைக்கும் அதே பெயர்தான். தென்னாப்பிரிக்காவின் போய்க்கி வயிறு பருத்த பானை. அது குழம்புக்கு உகந்தது, ரொட்டிக்கு அல்ல. குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கில் உள்ள பெடூரி என்ற சிற்றூரின் பெயரைக் கொண்ட பெடூரி ஓவன் இரும்புத் தகட்டில் செய்தது, வார்த்தது அல்ல. வார்ப்புப் பானைகள் பொதிக்குதிரையின் முதுகிலிருந்து விழுந்து உடைந்துகொண்டே இருந்ததால் அது உருவானது என்பார்கள். இந்தக் கட்டுரை கால் வைத்த வார்ப்பிரும்புப் பானையைப் பற்றி மட்டும்.

விழுந்தால் உடையும் இரும்பு

இரும்பு எப்படி உடையும் என்று கேட்கலாம். வார்ப்பிரும்பு என்பது இரும்போடு 2 சதவீதத்துக்கு மேல் கரி, அதாவது கார்பன், கலந்த உலோகம். பானைகளில் பெரும்பாலும் 3 சதவீதத்தைத் தாண்டும். சாதாரணக் கட்டடக் கம்பியில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உருகிய உலோகம் ஆறும்போது இந்தக் கரி மிகச்சிறிய செதில்களாகப் பிரிந்து உள்ளேயே நின்றுவிடுகிறது. தினசரி நாள்காட்டியின் தாளில் கிழிப்பதற்கென்று புள்ளி வரிசை இருக்குமே, அதுபோல. தாள் உறுதியானதுதான், ஆனால் அந்த வரிசையில் இழுத்தால் உடனே கிழியும். வார்ப்பிரும்பின் உள்ளே எல்லாத் திசையிலும் இப்படிச் செதில்கள் இருப்பதால், அடி விழுந்தால் வளையாமல் விரிசல் விடுகிறது.

அப்படியானால் ஏன் இதில் பானை செய்தார்கள்? கரி கூடும்போது உருகும் சூடு குறைகிறது. சுத்த இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். வார்ப்பிரும்பு 1,200 டிகிரியை ஒட்டியே உருகி, தண்ணீர் போல ஓடும். நினைத்த வடிவத்தில் ஊற்றலாம்.

வழியில் இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது சூட்டை நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் கடத்துகிறது. பரப்புவதில் மந்தம். ஆனால் கனம் இருப்பதால், வாங்கிய சூட்டை நெடுநேரம் விடாது. நம் வீட்டு வார்ப்பிரும்புத் தோசைக்கல் சூடேற நேரம் எடுப்பதும், அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை சுட்டுத் தருவதும் இதனால்தான்.

மணலில் பிறந்த பானை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு பெரிய டம்ளருக்குள் சின்ன டம்ளரை வைத்து, நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் பனிக்கட்டியில் ஒரு டம்ளர் கிடைக்கும். பெரிய டம்ளர் வெளி வடிவத்தைத் தருகிறது, சின்னது உள்ளே இருக்கும் குழியைத் தருகிறது. பானை வார்ப்பும் இதே கணக்குதான். டம்ளருக்குப் பதில் ஈர மணல்.

முதலில் பானையின் வடிவத்தில் மரத்திலோ உலோகத்திலோ ஒரு மாதிரி செய்வார்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்காரர்கள் பேட்டர்ன் என்பது இதைத்தான். அதைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் மணலை இறுக்கி இடித்து, பெட்டியைப் பிரித்து மாதிரியை மெல்ல எடுத்துவிடுவார்கள். மணலில் அதன் தடம் நிற்கும். உள்குழிக்கு இன்னொரு மணல் கட்டி, அதற்குக் கோர் என்று பெயர். வெளி மணலுக்கும் கோருக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியில் உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். ஆறியதும் மணலை உடைத்தால் பானை.

இது சாதாரணமாகத் தோன்றினாலும், வயிறு உள்ள இரும்புப் பானையை வெறும் மணலில் வார்ப்பது நீண்ட காலம் கைவராத வித்தை. களிமண்ணில் அச்சு செய்து காயவைத்து வார்ப்பார்கள். ஒரு பானைக்கு ஒரு அச்சு, உடைத்தால் போச்சு. இங்கிலாந்தில் ஆப்ரஹாம் டார்பி என்பவர், களிமண் இல்லாமல் மணலிலேயே வயிற்றுப் பானை வார்க்கும் முறைக்கு 1707ல் காப்புரிமை வாங்கினார். அதில் அவருக்குக் கைகொடுத்தவர் ஜான் தாமஸ் என்ற அவருடைய தொழிலாளி. 1709ல் கோல்புரூக்டேலில் விறகுக்கரிக்குப் பதிலாக நிலக்கரியிலிருந்து எடுத்த கோக்கை எரித்து இரும்பு உருக்கியவரும் இதே டார்பிதான். தொழிற்புரட்சி பற்றிப் பேசும்போது நீராவி இயந்திரம் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. ஏழை வீட்டுச் சமையலறைக்கு விலை குறைந்த பானை வார்க்க நினைத்த ஒரு மனிதரிடமிருந்து அதில் பாதி தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இதுவரை பார்த்தது: கேம்ப் ஓவன் மேலும் கீழும் தணல் வைத்துச் சமைக்கும் பானை. கரி மிகுந்த இரும்பால் ஆனது, அதனால் எளிதில் வார்க்கலாம், எளிதில் உடையும். இரண்டு மணல் அச்சுகளுக்கு நடுவே உலோகத்தை ஊற்றி அதைச் செய்கிறார்கள்.

காம்பு இருந்த இடம்

உலோகத்தை ஊற்ற ஒரு வாய் வேண்டும் அல்லவா? ஊற்றிய வாயில் நின்ற இரும்பும் பானையோடு சேர்ந்தே உறையும். பிறகு அதை உடைத்தெடுத்து அரத்தால் ராவுவார்கள். மாம்பழத்தைக் கிள்ளி எடுத்தாலும் காம்பு இருந்த இடம் தெரிவது போல, அந்த இடத்தில் ஒரு தழும்பு எப்போதைக்கும் நின்றுவிடும். சேகரிப்பவர்கள் இதைக் கேட் மார்க் என்கிறார்கள். நான் வார்ப்புத் தழும்பு என்றே எழுதுகிறேன்.

பழைய காலத்தில் பானையைக் கவிழ்த்த நிலையில் வார்த்தார்கள். அடிப்பாகம் மேலே இருக்கும், இரும்பை அடியின் நடுவில் ஊற்றுவார்கள். மிகப் பழைய பானைகளில், 18ஆம் நூற்றாண்டிலும் 19இன் தொடக்கத்திலும், இந்தத் தழும்பு காசு மாதிரி வட்டமாக இருக்கும். பிறகு ஊற்றுவாயை நீண்ட பிளவாக மாற்றினார்கள். இரும்பு ஒரே சமயத்தில் அகலமாகப் பரவும், உடைத்தெடுப்பதும் சுலபம். அதனால் 19ஆம் நூற்றாண்டுப் பானைகளின் அடியில் விரல் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு மேடு இருக்கும். அந்த நூற்றாண்டின் கடைசியில் பெரிய ஃபவுண்டரிகள் பக்கவாட்டிலிருந்து, விளிம்பு வழியாக ஊற்ற ஆரம்பித்தன. அப்புறம் அடியில் தழும்பு இல்லை. விளிம்பில் ஓரிடம் மட்டும் தேய்த்து மட்டப்படுத்தியது போல இருக்கும்.

அடிக்கோடு உள்ள பானையைக் கையில் எடுத்தால் கண்ணைவிட விரலை நம்புங்கள். பானையைக் கவிழ்த்து, கட்டைவிரலால் அடியின் நடுவில் குறுக்கே இழுங்கள். கரியும் துருவும் அப்பியிருந்தாலும் அந்த மேடு விரலில் தட்டும். என்னிடம் உள்ள ஒன்றில் கோட்டின் ஒரு முனை மழுங்கலாகவும் மறுமுனை கூராகவும் இருக்கிறது. ராவியவர் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, போதும் என்று விட்டிருக்கிறார். அரம் போன திசைகூட வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. பெயரோ முத்திரையோ எதுவும் இல்லாத அந்தப் பானையில், செய்தவரின் கையெழுத்து அந்த ஒரு கோடுதான்.

இதைப் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாப் பட்டறையும் ஒரே நாளில் முறையை மாற்றவில்லை. சிறிய ஊர்ப் பட்டறைகள் பழைய முறையைத் தாமதமாகத்தான் விட்டன. அடியில் கோடு இருந்தால் 1900க்கு முந்தியதாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கனமும் துருவும்

பழைய பானைகள் பெரும்பாலும் இன்றைய மலிவுப் பானைகளைவிட மெல்லியவை, கனம் குறைந்தவை. இது புதியவர்களுக்கு நம்பவே முடியாத செய்தி. காரணம் எளிது. அன்று இரும்பு விலை, கப்பல் கூலி, பொதிக்குதிரையின் முதுகு எல்லாமே எடையைக் குறைக்கச் சொன்னன. மெல்லிய சுவர் வார்க்கத் தேர்ந்த கை வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் இரும்பு முழுதும் ஓடுமுன் உறைந்துவிடும். அந்தத் தேர்ச்சி கொண்டவர்கள் அன்று இருந்தார்கள். தடித்த சுவர் என்பது பெரும்பாலும் அவசர வார்ப்பின் அடையாளம்.

உட்புறமும் அப்படித்தான். "பழசு என்றால் சொரசொரப்பு" என்று நினைக்கிறார்கள். நல்ல பழைய பானை நுண்மணலில் வார்த்து, உள்ளே கடைசல் பிடித்து அல்லது தேய்த்து வழவழப்பாக்கியது. பிரிட்டிஷ் பானைகளில் உள்ளே ஈயம் பூசியோ எனாமல் பூசியோ விற்றதும் உண்டு. இன்றைய பானைகளில் உட்புறத் தேய்ப்பு வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள். மணலின் சொரசொரப்பு அப்படியே நிற்கிறது.

துரு? ஈரக் கொட்டகையில் ஒரே ஒரு மழைக்காலம் போதும், புதுப் பானையும் நூறு வயதுக் கோலம் பூண்டுவிடும்.

பெயர், எண், முத்திரை

மூடியிலும் வயிற்றிலும் அடியிலும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 1851ல் விக்டோரியாவில் தங்க வேட்டை தொடங்கிக் கூட்டம் வந்து குவிந்த காலத்தில், இரும்புச் சாமான்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தன. அதனால் இங்கே கிடைக்கும் பழைய பானைகளில் பிரிட்டிஷ் பெயர்கள் அதிகம். வெஸ்ட் பிராம்விச் ஊரில் 1791ல் தொடங்கிய கென்ரிக் நிறுவனத்தின் பானைகளை இன்றும் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் பகுதி முழுக்க வார்ப்பாலைகள். அங்கே 1759ல் தொடங்கிய கேரன் ஆலை, சமையல் சாமானோடு கப்பல் பீரங்கியும் வார்த்தது. கேரனேடு என்ற குட்டைப் பீரங்கிக்குப் பெயர் வந்தது அந்த ஆலையால்தான். ஆஸ்திரேலியத் தயாரிப்பில் அடிலெய்டில் தோன்றிய மெட்டர்ஸ் பெயர் பரிச்சயமானது. கூக்கபரா பறவை படம் போட்ட எர்லி கூக்கா எரிவாயு அடுப்பைச் செய்தவர்களும் இவர்களே.

அமெரிக்கப் பானைகளில் மூன்று பெயர்கள் போதும்: பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865ல் தொடங்கி 1957ல் அந்த ஆலையை மூடிய கிரிஸ்வோல்டு, ஒஹாயோவின் வாக்னர், டென்னசியில் 1896ல் தொடங்கி இன்றும் வார்க்கும் லாட்ஜ்.

சில பிரிட்டிஷ் பொருள்களில் வைர வடிவக் கட்டம் ஒன்று புடைத்திருக்கும். அது வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான முத்திரை, 1842 முதல் 1883 வரை வழக்கில் இருந்தது. 1884 முதல் அதற்குப் பதில் ஆர்.டி. என்ற எழுத்துகளும் ஒரு பதிவு எண்ணும். இரண்டில் எது இருந்தாலும் பெரிய உதவி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பதிவுத் தேதியும் காப்புரிமைத் தேதியும் அந்த வடிவம் பிறந்த நாளைத்தான் சொல்லும், உங்கள் கையில் உள்ள பானை வார்த்த நாளை அல்ல. 1880ல் பதிந்த வடிவத்தை முப்பது வருஷம் வார்த்திருக்கலாம். "இதற்கு முன் இருக்க முடியாது" என்பது மட்டுமே உறுதி.

எண்களும் ஏமாற்றும். மூடியில் 10 என்று இருந்தால் 10 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். லாட்ஜின் முகாம் பானைகளில் அது சரி. ஆனால் அமெரிக்க அடுப்படிப் பாத்திரங்களில் எண் என்பது விறகடுப்பின் கண் அளவு. 8ஆம் எண் வாணலியின் வாய் 10 அங்குலத்துக்கு மேல் இருக்கும். அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

விற்பவர் சொல்லும் கதையையும் சற்று தள்ளி வைத்துக் கேளுங்கள். ஷெப்பர்ட்டன் ஊரில் ஜான் ஃபர்ஃபி என்பவரின் ஃபவுண்டரி செய்த தண்ணீர் வண்டிகள், முதல் உலகப் போரின்போது மெல்பன் அருகே பிராட்மெடோஸ் ராணுவ முகாமில் நின்றன. அவற்றைச் சுற்றி நின்று வீரர்கள் பேசிய வம்புப் பேச்சிலிருந்து ஃபர்ஃபி என்றாலே வதந்தி என்ற பொருள் ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ஓர் இரும்பு வார்ப்புக்காரரின் பெயர் அப்படி ஆனது வருத்தம்தான். அந்த வண்டிகளின் வார்ப்பிரும்பு முகப்பில், நல்லதை இன்னும் நல்லதாக்கும்வரை ஓயாதே என்று புடைப்பெழுத்தில் எழுதி வைத்தவர் அவர்.

சுருக்கமாக: அடித்தழும்பு காலத்தை ஏறக்குறையச் சொல்கிறது. பெயரும் முத்திரையும் அதை நெருக்கிப் பிடிக்கின்றன. கனம், துரு, கதை மூன்றையும் சாட்சியாக எடுக்கக் கூடாது.

நகலின் நகல்

பழைய பானைக்கு விலை ஏறியதும் போலிகள் வந்தன. போலி செய்வது சுலபம். அசல் பானையையே மாதிரியாக மணலில் அழுத்தி, கிடைத்த தடத்தில் புது இரும்பை ஊற்றிவிட்டால் போதும். பெயரும் முத்திரையும் அப்படியே விழும். அப்படியானால் கண்டுபிடிப்பது எப்படி?

உருக்கிய நெய் பாட்டிலில் உறையும்போது நடுவில் குழி விழுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆறும்போது அது சுருங்குகிறது. இரும்பும் அப்படித்தான், ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு. இதனால் அசல் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகவே செய்வார்கள். போலி செய்பவருக்கு அந்தப் பேட்டர்ன் கிடையாது. ஏற்கெனவே சுருங்கிய பானையை வைத்து வார்ப்பதால், நகல் இன்னொரு முறை சுருங்கும். 12 அங்குல மூடியின் நகல் 3 மில்லிமீட்டர் குறையும். அதே ரகத்தின் உறுதியான அசலை வைத்திருப்பவரிடம் அளவு கேட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அளவு எடுக்க வழி இல்லாவிட்டால் எழுத்தைப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்ததையே திரும்பவும் ஜெராக்ஸ் எடுத்தது போல, நகலில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, புள்ளிகள் பாதி மறைந்திருக்கும். உட்புறம் சொரசொரக்கும். தேய்த்த இடங்களில் மின் அரவைச் சக்கரத்தின் வளைந்த கீறல்கள் தெரியும். நாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தனியாகத் தேய்த்திருந்தால் பானையைக் கீழே வைத்துவிடுங்கள்.

போலி அல்லாத, ஆனால் புதிய பானைகளும் கொட்டகைகளில் கலந்து கிடக்கும். வெப்பமானி நுழைக்க விளிம்பில் பள்ளம், சுருள் கம்பி சுற்றிய கைப்பிடி, இவை இருந்தால் அண்மைக்கால முகாம் சாமான். சமைக்க நன்றாகவே இருக்கும். பழசு என்று விலை கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

காசு கொடுக்கும் முன்

மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். இங்கேயும் அதுவே முதல் சோதனை. பானையைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் வயிற்றில் தட்டுங்கள். நல்ல பானை மணி போல ஒலித்து, ஒலி மெல்ல அடங்கும். விரிசல் இருந்தால் பொத்தென்று அங்கேயே நின்றுவிடும். விரிசல் பெரும்பாலும் கைப்பிடி மாட்டும் காதுகளின் அடியிலும் கால்கள் உடம்போடு சேரும் இடத்திலும் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத முடிக்கோடாக இருக்கலாம், தணலில் வைத்ததும் விரியும்.

மூடி அதே பானைக்குப் பிறந்ததா என்று பாருங்கள். உடைந்த பானையின் மூடியை வேறொன்றில் பொருத்தி விற்பது சர்வ சாதாரணம். மூடியை வைத்து ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். எங்காவது ஆடினாலோ வெளிச்சம் தெரிந்தாலோ ஒன்று மூடி வேறு, அல்லது விளிம்பு கோணிவிட்டது. ஜோடி மூடி உள்ள பானைக்கும் இல்லாததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. தூண்டில் குண்டும் துப்பாக்கிக் குண்டும் வார்க்க, காரீயத்தை உருக்கப் பழைய பானைகளைப் பயன்படுத்துவார்கள். நாம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று சொல்வது வெள்ளீயம், அது வேறு. காரீயம் நஞ்சு. பானையின் உட்புறத்தில் மங்கிய சாம்பல் நிறப் படலமோ, அடி மூலையில் மெத்தென்ற உலோகத் துளிகளோ இருந்தால் சமையலுக்கு எடுக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் காரீயம் கண்டுபிடிக்கும் சோதனைக் குச்சி கடைகளில் கிடைக்கிறது. சோதனை காரீயம் இருப்பதாகக் காட்டினால், தேய்த்துக் கழுவி எடுத்துவிடலாம் என்று முயல வேண்டாம். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

துருவை எடுத்து, பழக்குவது

பானையைக் கொழுந்துவிடும் தீயில் போட்டு எரித்தால் பழைய கரி போய்விடும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு பக்கம் அதிகம் சூடேறி, பானை கோணும் அல்லது வெடிக்கும். நூறு வருஷம் தாக்குப்பிடித்ததை ஒரு மாலையில் இழக்க வேண்டாம். லேசான துருவுக்கு வெந்நீரும் எஃகு நாரும் போதும். சற்று அழுத்தமான துருவுக்குப் பாதி வினிகர், பாதி தண்ணீர். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால் அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும்.

பிறகு பழக்குவது. புதுத் தோசைக்கல்லைப் பழக்கிய கை உங்களுடையது என்றால் பாதி வேலை தெரியும். உள்ளே நடப்பது என்ன? எண்ணெய் இரும்பில் ஊறுகிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஊறுவதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டிலும் காற்றிலும் மாறி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியான வலையாகிவிடுகின்றன. இதற்குப் பலபடியாக்கம் என்று பெயர். மரச் சாமானில் ஆளிவிதை எண்ணெய் பூசினால் சில நாளில் வார்னிஷ் போல இறுகுவதும் இதே மாற்றம்தான். அதனால்தான் எண்ணெயைப் பூசிய பிறகு, பூசவே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். படலம் தடித்தால் மேலே இறுகி, உள்ளே பிசுபிசுக்கும். வீட்டு மின் ஓவனில் சுமார் 230 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் கறுப்பு நிலைக்கும்.

முதல் பானைக்கு 10 அல்லது 12 அங்குலம் பாருங்கள். ஜோடி மூடியும் நல்ல ஒலியும் இருந்தால் பெயர் இல்லாததைக்கூட வாங்கலாம். பெயருக்காக விரிசல் விட்டதை வாங்க வேண்டாம். விலை பேசி முடித்த பிறகு, விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: யாருடைய பானை, எந்த ஊர்ப் பண்ணை, கடைசியாக எப்போது தீயில் ஏறியது? அதை ஒரு தாளில் தேதியோடு எழுதி மூடிக்கு உள்ளே வைத்துவிடுங்கள். என்னிடம் உள்ள ஒன்றின் அடியில் உடைந்த இடத்தை யாரோ ஒரு கொல்லர் சிறு தகடு வைத்து, இரண்டு திருகாணியால் இறுக்கியிருக்கிறார். எந்த ஊர்க் கொல்லர், எந்த வருஷம் என்று அதை விற்ற அம்மாவிடம் அன்று நான் கேட்கவில்லை. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனபோது அவர் இல்லை.